வெட்கம் தொழுகையைப் பறிக்கலாமா?



மரக்காணத்து உப்பளங்களில் ஆண்டுக்கணக்கில் உப்புச் சுமந்த தாயார் ஒருவர் அண்மையில் என் மனைவியிடம் வந்து அழுதார். அவரையறியாமல் மலம் கசிகிறது, உளூ நிற்பதில்லை, ஆறு மாதமாகத் தொழவில்லை. மருத்துவரிடம் சொல்லவில்லை, மகளுக்கும் தெரியாது. அவரைத் தடுத்தது நோயன்று, வெட்கம்.

இதில் கற்பிக்கும் எங்களுக்கும் பங்குண்டு. உளூவை முறிப்பவற்றை மாணவரை ஒப்பிக்கச் செய்கிறோம். முறிவு நிற்காதவரின் சட்டத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமது நிற்காத உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அது மாதவிடாய் அன்று என விளக்கி, தொழுமாறே நபியவர்கள் பணித்தார்கள். இதன் வழியே வந்ததுதான் இத்தகைய நோயாளியின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, அணையாடை வைத்து, உளூச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிய உளூ. ஹனஃபீ மத்ஹபில் ஒரு வக்துக்கு ஓர் உளூ போதும். இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும்.

சட்டத்தில் சலுகை உண்டு என்பதற்காக மருந்தைத் தேடாமல் இருப்பதும் சரியன்று. நோயை இறக்கிய இறைவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிதல், நீண்டகாலச் சர்க்கரை நோய், பௌத்திர அறுவை ஆகியவை இதற்குக் காரணங்களாகலாம். உணவு மாற்றம், மாத்திரை, இடுப்புத் தசைப் பயிற்சி ஆகியவையே முதற்படி. பலருக்கு இவையே போதும்.

இவை பலிக்காதோருக்கு நரம்புத் தூண்டல் உண்டு. முதுகின் அடிப்பகுதியில், குடலைக் கட்டுப்படுத்தும் நரம்பருகே மெல்லிய மின்கம்பி செலுத்தி, வெளிக்கருவியால் சில வாரம் சோதிப்பார்கள். கசிவு நன்கு குறைந்தால் மட்டுமே பிட்டத்துத் தோலடியில் சிறு கருவியைப் பதிப்பார்கள். ஜெர்மனியில் கிளாஸ் மாட்செல் குழுவினர் 1995-இல் இம்முறையை இந்நோய்க்கு முதன்முதலாக வெளியிட்டனர். கணுக்காலருகே ஊசி வழியே தூண்டும் எளிய முறையும் உண்டு. ஆனால் 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது போலிச் சிகிச்சையைவிடத் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் முறையாகக் காட்டி, தேவை எது எனக் கேளுங்கள்.

பதித்த கருவி தோலுக்கடியில் இருப்பதால் உளூவுக்கோ குளிப்புக்கோ தடையில்லை. சோதனை வாரங்களில் கட்டு நனையக்கூடாது என மருத்துவர் சொன்னால், அதன் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் மார்க்கம் கேட்பதையும் மருத்துவம் தேடுவதையும் தடுப்பது அந்த வெட்கமன்று. ஆலிம்கள் இச்சட்டத்தைப் பெண்கள் பயான்களில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதிய பெற்றோரிடம் கனிவோடு தனியே கேட்க வேண்டும்.

அந்தத் தாயார் இப்போது வீட்டில் ஐவேளையும் தொழுகிறார். மகளோடு மருத்துவரிடம் செல்லவும் இசைந்துள்ளார். வல்ல அல்லாஹ் அவருக்கும் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.