முன் இருக்கையில் மகள்

வானொலியில் நான்கு மணி நேரம் ஓயாமல் பேசுபவள் நான். நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தினால் மட்டும் வாயடைத்துப் போகும். நீச்சல் தெரியாது. “தண்ணிப் பக்கம் போகாதே” என்று அம்மா சொல்லச் சொல்ல வளர்ந்தவள். என் பத்து வயது மகளோ பள்ளியில் ஸ்விம்சேஃபர் வகுப்பு முடித்தவள்.

டிசம்பர் விடுமுறையில் மெல்பர்ன் போனபோது, கிப்ஸ்லாந்து ஏரிகளுக்கும் போகவேண்டும் என்றாள். “கோவாலா பார்க்கத்தானே?” என்றேன். “கயாக்கும் போகணும்மா.”

மெல்பர்னிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் ஊருக்குக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல்மேடுதான். ஊர்ப் பெயரில் இருக்கும் அந்த ‘வாசல்’ மனிதர் வெட்டியது. 1889ல் மணலைத் திறந்து கடலுக்கு நிரந்தர வழி விட்டார்கள். படகுகளுக்கு வசதி. ஆனால் உப்புநீர் ஏறி, கரையோர நாணல்கள் பல இடங்களில் அழிந்துபோயின. அதைப் படித்த பிறகு, நான் எடுத்த படங்களையே வேறு மாதிரி பார்த்தேன்.

பெய்ன்ஸ்வில்லிலிருந்து ரேமண்ட் தீவுக்குச் சில நிமிடப் படகுப் பயணம். நடந்து ஏறுவோருக்கு இலவசம். (என் கணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!) 1953ல் அங்கு கொண்டுவந்து விடப்பட்ட கோவாலாக்களின் வாரிசுகள் யூகலிப்டஸ் மரக்கிளைகளில் தூங்கிக்கொண்டிருந்தன. அத்தோடு திரும்பியிருந்தால் எனக்கு நிம்மதி.

மறுநாள் காலை, காற்று கிளம்பும் முன் கயாக். மகள் முன்னால், நான் பின்னால். முன்னிருப்பவர் துடுப்புக்குத் தாளம் பிடிப்பார், பின்னிருப்பவர் அதைப் பின்பற்றித் திசை திருப்ப வேண்டும் என்றார் பயிற்றுவிப்பாளர். தாளம் தவறியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மோட்டார் படகு கடந்துபோனது. அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. கயாக்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, துடுப்பை எடுங்க. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கோம்ல.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு...”

எண்ணிக்கொண்டே கரை சேர்ந்தோம். 2011ல் தனி இனமாக ஆய்வாளர்கள் விவரித்த புரூனன் டால்பின்கள் கண்ணில் படவில்லை. கருப்பு அன்னங்களும் கூழைக்கடாக்களும் கிடைத்தன. மகளுக்கு ஏமாற்றம். எனக்கு, உயிரோடு இறங்கியதே போதும்.

சிங்கப்பூர் திரும்பியதும் வீட்டருகே நீச்சல் குளத்தில் வகுப்பு விசாரிக்கப் போனோம். “பிள்ளைக்கா?” என்று கேட்டார்கள்.

“இல்லை, அம்மாவுக்கு” என்றாள் மகள், நான் வாய் திறக்கும் முன்பே.