கிணற்று மீனின் சாட்சி

கரவெட்டியில் எங்கள் வீட்டுக் கிணற்றில் எப்போதும் இரண்டு மூன்று மீன்கள் இருக்கும். நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று விட்டவை. ஆனால் மீன் செத்து மிதந்தால் அம்மா அன்று அந்தத் தண்ணீரை அள்ளமாட்டார். அவருக்கு ஆய்வுகூட அறிக்கை தேவைப்படவில்லை.

இந்தியாவில் 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழமைந்த பொதுத் தரங்களும் இதைத்தான் கேட்கின்றன. சுத்திகரித்த கழிவுநீரில், வேறு நீர் கலக்காமல் விடப்படும் மீன்களில் 90 சதவீதமானவை 96 மணி நேரத்தின் பின்னும் உயிரோடிருக்க வேண்டும்.

விதி இருந்தும் திருப்பூரில் நொய்யலாறு செத்தது. பருத்தியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சுண்ணாம்பும் இரும்புச் சல்பேற்றும் இட்டால் நிறம் பெருமளவு போகும். கரைந்த உப்பு போகாது. நன்னீர் மீனின் உடல், சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. உள்ளே புகும் நீரைச் சிறுநீரகம் வெளியேற்ற, செவுள் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். வெளிநீரே உப்பானால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். மீன்குஞ்சுக்கு இரையாகும் நீர்த்தெள்ளு போன்ற நுண்ணுயிர்கள் அதற்கு முன்பே மடிந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கோ அது தெளிந்த நீர்! பாசனத்துக்கென 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரி 28 இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்' என்று ஆலைகள் எழுதித் தந்ததை அப்படியே அச்சேற்றிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். எதிலிருந்து சுத்தம், எவ்வுயிருக்குச் சுத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

குடாநாட்டில் நொய்யல் போன்றதோர் ஆறுகூட இல்லை. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லே எமது நீர்த்தொட்டி. நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்குத்தான் வரும். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உச்ச நீதிமன்றம் தனியார் மின் நிறுவனமொன்றை 2 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. தீர்ப்பு கிணற்றைக் கழுவித் தராது.

ஆகவே வடக்கில் ஆலை தொடங்க வருவோரிடம் அனுமதிக்கு முன்பே மீன் சோதனையை நிபந்தனையாக்க வேண்டும். இரசாயன அட்டவணை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அளக்கும். மீனோ கலவையை மொத்தமாகக் குடிக்கிறது. முடிவை மாதந்தோறும் பிரதேச சபை வாசலில் ஒட்டட்டும். ஒரு தொட்டி, பத்து மீன், நான்கு நாள், பெருஞ்செலவில்லை. அதற்கும் முதலாளிமார் பஞ்சம் பாடினால், எங்கள் கிணற்று மீனைப் பிடித்துத் தர நான் தயார்.