நடைபாதை நடப்பதற்கே என்கிறவர்களுக்கு

"நடைபாதை நடப்பதற்கே, படுப்பதற்கு அல்ல." சென்னையின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுக்களில் இந்த வாசகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சங்கத்தின் பெயரும் வார்டு எண்ணும் மாறும். கீழே அடுக்கும் காரணங்கள் மட்டும் மாறுவதே இல்லை: நடக்க வழியில்லை, அசுத்தம், பாதுகாப்பில்லை, எங்கிருந்தோ வந்தவர்கள், இடம் கொடுத்தாலும் போகமாட்டேன் என்கிறார்கள். மனு மண்டல அலுவலகத்துக்குப் போகும். 1913 எண்ணில் புகார் பதிவாகும். ஒருநாள் காலையில் லாரி வந்து நிற்கும், மூட்டைகள் ஏறும். ரேஷன் அட்டை, பிள்ளையின் பாடப் புத்தகம், சமைக்கும் பாத்திரம் எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும். இரண்டு நாளில் அதே குடும்பம் அடுத்த தெருவில் படுத்திருக்கும். பிறகு அந்தத் தெருக்காரர்கள் மனு எழுதுவார்கள்.

நடக்க வழியில்லை என்பதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. ஊர் அடங்கியபின் பாய் விரித்து, விடியுமுன் சுருட்டிவிடுகிறவர்கள் யாருடைய நடையையும் தடுப்பதில்லை. பகல் முழுவதும் நடைபாதையை அடைத்துக்கொண்டிருப்பவை மோட்டார் சைக்கிள்கள், கடைகளின் ஜெனரேட்டர்கள், வீட்டு வாசலிலிருந்து கார் இறங்கக் கட்டிய சாய்தளங்கள். அந்தச் சாய்தளங்களைப் பற்றி எந்த மனுவிலும் ஒரு வரி கிடையாது.

அசுத்தம் என்கிறார்கள். இரவில் பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் இல்லாமல் வைத்துவிட்டு, அங்கே படுக்கும் பெண்ணைக் குற்றம் சொல்வது அநியாயம். கழிப்பறையை இரவிலும் திறந்துவையுங்கள் என்று கேட்டு எழுத எத்தனை நிமிடம் ஆகும்?

பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் மிகுகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தூங்குகிறவர், கதவே இல்லாமல் தூங்குகிறவரைக் கண்டு பயப்படுகிறார். தறிகெட்டு ஏறும் காருக்கும், குடித்துவிட்டு வருகிறவனின் கைக்கும், குழந்தையைத் தூக்கிச் செல்ல வருகிறவனுக்கும் முதலில் அகப்படுவது நடைபாதையில் படுத்திருக்கும் தாயும் பிள்ளையும்தான். இரவில் மாறி மாறி விழித்துக் காவல் இருக்கும் பெண்கள் அவர்கள்.

எங்கிருந்தோ வந்தவர்கள் என்பது அறியாமை. யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை, ராயபுரம் பக்கம் இரவில் நடந்து விசாரித்துப் பாருங்கள். அதே நடைபாதையில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் சென்னைக்கு வருவதற்கு முன்பே இவர்கள் இந்த நகரத்துக்காரர்கள்.

இனி, எல்லோரும் துருப்புச்சீட்டாக எடுத்து வீசும் காரணத்துக்கு வருகிறேன். வீடற்றோருக்குக் காப்பகம் இருக்கிறது, நகரத்தின் ஓரத்தில் கண்ணகி நகரில் வீடு கொடுத்தார்கள், பெரும்பாக்கத்தில் கொடுத்தார்கள், இருந்தும் திரும்பி வருகிறார்கள், ஆகவே இவர்களுக்குத் தெருவில் கிடப்பதுதான் பிடித்திருக்கிறது என்கிற வாதம் அது. படித்தவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

முதலில் காப்பகம். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. 2011 கணக்குப்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் சுமார் 67 லட்சம் பேர். அப்படியானால் 67 காப்பகங்களாவது வேண்டும். எண்ணிக்கையைக்கூட விடுங்கள், உள்ளே எப்படி இருக்கிறது? ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுடன் வந்தவர்களுக்கு மருத்துவமனை வளாகத்தில் ஒன்று என்றுதான் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடசென்னை நடைபாதைகளில் இருப்பவையோ குடும்பங்கள். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், வளர்ந்த மகன் வேறோரிடம் என்று பிரிந்தால்தான் கூரை கிடைக்கும் என்றால் அதை எந்தக் குடும்பம் ஏற்கும்? மனு எழுதியவர் தன் குடும்பத்தை அப்படிப் பிரிப்பாரா? தள்ளுவண்டியையும் தட்டுமுட்டுச் சாமானையும் எங்கே வைப்பது என்பது அதற்கடுத்த கேள்வி.

அடுத்து வீடு. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நடைபாதையில் தூங்குகிறவர்கள் லோடு இறக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூக்கட்டி விற்கிறார்கள், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறார்கள். அந்த வேலைகளெல்லாம் இருட்டோடு தொடங்குபவை. முதல் பஸ் பிடித்து வந்து சேரும்போது மீன் ஏலம் முடிந்திருக்கும், சரக்கு இறங்கியிருக்கும், அன்றைய கூலி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். போகவர பஸ் செலவு வேறு. வேலை இருக்கும் இடத்தில் படுத்தால்தான் சோறு என்கிற கணக்கைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் போட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்ததைச் சோம்பேறித்தனம் என்கிறார்களே, உழைக்கத்தானே அவர்கள் திரும்பி வந்தார்கள்?

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1981-ல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடப்போவதாக அறிவித்தார். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் நடைபாதைவாசிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1985-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு, பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. வேலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியிருப்பதால்தான் இவர்கள் நடைபாதையில் இருக்கிறார்கள், அங்கிருந்து வெளியேற்றினால் பிழைப்பு போகும் என்பதையும் ஏற்றது. அதே தீர்ப்பு நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னதே என்பார்கள். சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, மீதியை 40 ஆண்டுகளாகப் படிக்காமல் இருப்பது நியாயமில்லை.

"நாங்கள் வரி கட்டுகிறோம்" என்ற வாதம் மிச்சமிருக்கிறது. கடையில் தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கட்டுகிறார்.

வேலைக்குப் பக்கத்தில் வீடு கட்ட முடியாதது இல்லை. 1970-களில் குடிசை மாற்று வாரியம் பல இடங்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குவிக்கும் பழக்கம் பிறகு வந்ததுதான். வடசென்னைக்குள்ளேயே குடும்பங்களுக்கு அறை, இரவெல்லாம் திறந்திருக்கும் கழிப்பறை, மூட்டையும் வண்டியும் வைக்கப் பூட்டுள்ள ஓர் இடம் என இவற்றைக் கேட்கும் நலச் சங்க மனு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.