வளர்த்த முத்தும் முத்துதான்!

வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள கடற்கரை மக்களுக்கு முத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி அள்ளி வந்த பரம்பரை அது. ஆனால் கடல் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பதில்லை. இந்தியக் கரையில் பெரிய அளவில் முத்துச் சலாபம் கூடியது 1961-ஆம் ஆண்டோடு சரி.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1973-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடிக் கடற்கரையில் சிப்பிகளை வளர்த்து, அவற்றின் உள்ளே சிறு மணி ஒன்றை வைத்து, உருண்டையான முத்து விளையச் செய்தார்கள். மனிதன் இடம் காட்டினான். முத்தை விளைவித்தது சிப்பிதான்.

ஜப்பானிய வளர்ப்பு முத்து 1920-களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, "இது போலி!" என்று பெரிய வியாபாரிகள் கூக்குரல் எழுப்பினார்கள். ஆனால் அதே சிப்பி; அதே பூச்சு; அதே ஒளி. கண்ணாடி மணிக்குச் சாயம் பூசினால் அது போலி. சிப்பியின் வேலையைச் சிப்பியே செய்திருந்தால் அதைப் போலி என்று எப்படிச் சொல்வது?

முத்துக் கடைகளில் எழுந்த அதே கேள்வி இன்று இசை உலகில் எழுந்திருக்கிறது. பழைய மாடுலர் ஸிந்தஸைஸர் என்னும் மின்னணு இசைக் கருவியைக் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக உருவாக்கியிருக்கிறார்கள். "இது அசலா, நகலா?" என்பதே விவாதம். சென்னையிலும் மும்பையிலும் உள்ள பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு இது ருசிகரமான வாதமாக இருக்கலாம். வேம்பாரில் வளரும் ஒரு பிள்ளைக்கோ, மின்னணு இசையின் கதவு திறக்குமா திறக்காதா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

கம்பிகளால் பின்னிய கருவி

1964-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மோக் என்ற விஞ்ஞானி ஒரு புது மாதிரிக் கருவியைச் செய்தார். அதில் தந்தி இல்லை, தோல் இல்லை, துருத்தி இல்லை. ஒரு பெட்டி மின்சாரத்தை அதிரச் செய்து ஓசையைப் பிறப்பிக்கும். இன்னொரு பெட்டி அந்த ஓசையைச் சல்லடைபோல் சலித்துக் கூர்மையையோ மென்மையையோ தரும். மூன்றாவது பெட்டி அதை ஏற்றி இறக்கும். இப்படித் தனித்தனி வேலை செய்யும் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்தால், இணைக்கும் விதத்துக்கு ஏற்பப் புதுப் புது ஒலி பிறக்கும். 1968-இல் வெளிவந்த 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' என்ற இசைத்தட்டு இக்கருவியின் புகழை உலகமெங்கும் பரப்பியது.

கருவி அருமைதான், ஆனால் அதைக் கட்டி மேய்ப்பது லேசான காரியம் அல்ல. அந்த இசைத்தட்டு உருவான காலத்தில் அது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தையே ஒலித்தது. ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிவு செய்து சேர்க்க வேண்டியிருந்தது. அறையில் வெப்பம் ஏறினால் சுருதி நகர்ந்துவிடும். கம்பிகளைக் கழற்றிவிட்டால், அரும்பாடுபட்டு அமைத்த ஒலியும் போய்விடும். மறுநாள் அதே ஒலி வேண்டுமானால், எந்தக் கம்பி எங்கே இருந்தது, எந்தத் திருகு எவ்வளவு திரும்பியிருந்தது என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆமதாபாத் சொல்லும் பாடம்

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. ஆமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-இல் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் ட்யூடர் நேரில் வந்து, மோக் கருவியையும் டேப் ரிக்கார்டர்களையும் கொண்டு அதை அமைத்துக் கொடுத்தார். இதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் கீதா சாராபாய் என்னும் இசை விற்பன்னர். அவரும், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே துணிந்து பல பரிசோதனைகள் செய்தார்கள்.

மேல்நாட்டாருக்கே அந்த இசை புதிதாக இருந்த காலம் அது. அப்போதே இந்தியர்கள் அதில் இறங்கிவிட்டார்கள் என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்த முயற்சி 1970-களின் தொடக்கத்திலேயே ஓய்ந்தது. பதிவான நாடாக்கள் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலைஞர் பால் புர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2023-இல்தான் அவை இசைத்தட்டாக வெளிவந்தன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. திறமைக்கு அங்கே பஞ்சம் இல்லை. இருந்தது ஒரே கருவி, ஒரே அறை, அதைத் தொட முடிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மதுரையிலோ தூத்துக்குடியிலோ அப்போது ஓர் இசை மேதை இருந்திருந்தாலும், அவர் அக்கருவியைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார். ஒரு கலை ஒரே அறைக்குள் அடைபட்டிருந்தால், அந்த அறையின் கதவு சாத்தப்படும் நாளில் கலைக்கும் கதவு சாத்தப்படுகிறது.

படம் வேறு, சிப்பி வேறு

கம்ப்யூட்டரில் பழைய கருவியைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து ஒலிக்க விடுவது. இது மனிதனைப் படம் பிடித்து மாட்டுவது போன்றது. படம் சிரிக்கும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது.

இரண்டாவது வழி வேறு. கருவியின் உள்ளே மின்சாரம் எந்தப் பாதையில் ஓடுகிறது, டிரான்ஸிஸ்டர் அதை எப்படி வளைக்கிறது என்பதையெல்லாம் கணக்காக எழுதி, அந்தக் கணக்கை ஒரு வினாடியில் 44,100 முறை, அதற்கு மேலும்கூட, கம்ப்யூட்டரைப் போட வைப்பது. இங்கே ஒலியை யாரும் சேமித்து வைக்கவில்லை. திருகைத் திருப்பினால் கணக்கு மாறுகிறது. கணக்கு மாறினால் ஒலி புதிதாகப் பிறக்கிறது. இதுவே வளர்ப்பு முத்து.

இந்தக் கணக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. மோக் கருவியின் சல்லடைப் பகுதியைக் கம்ப்யூட்டரில் அமைப்பது பற்றி ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் எழுதினார்கள். டிரான்ஸிஸ்டரின் கோணல் குணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கும் முறையைப் பின்லாந்துக்காரரான ஆன்டி ஹுவோவிலாய்னன் 2004-இல் வெளியிட்டார். இதற்கிடையில் 2003-இல், பிரான்ஸ் நாட்டின் ஆர்டூரியா நிறுவனம் மோக் பெயரைத் தாங்கிய மாடுலர் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருவியைப் படைத்த மோக் அப்போது உயிரோடு இருந்தார். தம் பெயரை அதற்கு அளிக்க அவர் தயங்கவில்லை.

ஆறு லட்சமும் இரண்டாயிரமும்

விலையைப் பார்த்தாலே பாதி வாதம் முடிந்துவிடும். 2015-இல் மோக் நிறுவனம் தன் பழைய மாடுலர் கருவிகளை மறுபடியும் செய்து விற்றது. அவற்றுள் சிறியதான 'ஸிஸ்டம் 15' கருவியின் விலை 10,000 டாலர். அன்றைய மதிப்பில் 6 லட்ச ரூபாய்க்கு மேல்! மறு ஆண்டே அதே நிறுவனம் 'மாடல் 15' என்ற பெயரில் அந்தக் கருவியை ஐபேடில் இயங்கும் செயலியாக வெளியிட்டது. விலை 30 டாலர். சுமார் 2,000 ரூபாய். ஐபேடின் விலையைச் சேர்த்துக்கொண்டாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்தச் செலவும் முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. 2017-இல் ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் வெளியிட்ட 'விசிவி ராக்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பெட்டிகளைத் திரையில் அடுக்கலாம். கம்பிகளை இழுத்து இணைக்கலாம். அமைத்த ஒலியைச் சேமித்து வைத்து, மறுநாள் அப்படியே எடுக்கலாம். நண்பனுக்கு அனுப்பினால், அவன் அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கடற்கரை ஊருக்கு இன்னொரு லாபமும் உண்டு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்னும் இடத்தில், நூற்றுக்கணக்கான இணைப்புத் துளைகளும் ஸ்விட்சுகளும் கொண்ட கருவி என்ன பாடுபடும்? பழுது வந்தால் ரிப்பேர் செய்யத் தெரிந்தவரைத் தேடி எந்த ஊருக்குப் போவது? மென்பொருளுக்குத் துரு பிடிப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சுருதி. கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டு, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது. கமகம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. மாடுலர் கருவியிலோ சுருதி என்பது தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி. இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எப்படி வேண்டுமானாலும் வழுக்கலாம். நம் இசைக்கு அது அந்நியமே அல்ல.

மறுப்பும் பதிலும்

அசல் கருவியின் பக்கம் பேசுகிறவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கையால் திருகைப் பிடித்துத் திருப்பும் சுகம் எலியை நகர்த்துவதில் வராது. எதிரே இருப்பது கருவி ஒன்றுதான் என்னும்போது மனம் ஊன்றி நிற்கும். கம்ப்யூட்டரில் நூறு கவர்ச்சிகள் குறுக்கே வரும். யாரோ அமைத்து வைத்த ஒலிகளை எடுத்துப் போட்டு ஒப்பேற்றும் சோம்பலும் வளரக்கூடும். மென்பொருளுக்கும் மரணம் உண்டு. கம்ப்யூட்டரின் இயங்குதளம் மாறினால் பழைய மென்பொருள் படுத்துவிடும்; ஆனால் 1960-களில் செய்த கருவியை ஒரு நல்ல தொழிலாளி இன்றும் எழுப்பி நிறுத்துவார்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை அசல் கருவியைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்குக் காரணங்களே தவிர, மென்பொருளை ஒதுக்குவதற்குக் காரணங்கள் ஆகா. தம்புராவை மதிக்கும் கச்சேரி மேடையிலேயே மின்னணுச் சுருதிப் பெட்டி இடம் பிடிக்கவில்லையா? 'புன்னகை மன்னன்' படத்துக்கு 1986-இல் இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசையமைத்தபோது, தமிழ் ரசிகர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லையே! கேட்கும் செவி ஒலியைத்தான் எடை போடும்.

ஒரு நிபந்தனை மட்டும் அவசியம். எதுவும் அதன் பெயரால் வழங்க வேண்டும். சீனிப்பாகைக் கலந்து காய்ச்சிவிட்டு, "அசல் வேம்பார் கருப்பட்டி" என்று விற்றால் அது மோசடி. சீனி செய்த குற்றம் அல்ல அது. விற்றவன் சொன்ன பொய். மென்பொருளில் செய்த இசையை மென்பொருளில் செய்தது என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகளும், மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. நாகசுரமும் தவிலும் வயலினும் கற்பிக்கும் அந்த இடங்களில், சில கம்ப்யூட்டர்களை வைத்து, இலவச மாடுலர் மென்பொருளையும் கற்பிக்கலாம். ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படித் தேய்கிறது என்பதைக் கையால் இணைத்துக் காதால் கேட்டுப் படிக்கும் மாணவனுக்கு, இசையோடு பௌதிகமும் சேர்ந்தே புரியும். சுருதி ஞானம் உள்ள ஆசிரியரும், மின்னணுவியல் தெரிந்த ஆசிரியரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். அதுதான் இதில் சிரமமான காரியம். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். சொல்லித் தர ஆள் வேண்டும்.

கூடவே, நாட்டில் எஞ்சியிருக்கும் பழைய மின்னணுக் கருவிகளை அழியாமல் காக்கவும் வேண்டும். தாய்ச் சிப்பி இல்லாமல் வளர்ப்பு முத்து ஏது? அசல் கருவி இருந்தால்தான் கணக்கு சரியா என்று ஒத்துப் பார்க்க முடியும்.

முத்து எடுக்க ஒரு காலத்தில் மூச்சு வேண்டியிருந்தது; தோணி வேண்டியிருந்தது; சலாபம் கூடும் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆமதாபாத்தில் ஒரே அறையில் இருந்த கருவி, இன்று வேம்பாரில் ஒரு வீட்டு மேஜை மேல் வந்து நிற்கக்கூடிய நிலை பிறந்திருக்கிறது. அதை நகல் என்று ஒதுக்கிவிட்டு, அசலுக்காகக் காத்திருக்கும்படி கடற்கரைப் பிள்ளைகளிடம் சொல்வது நியாயம் ஆகாது.