நிலத்தடி நெருப்பும் காற்றுத் துளைகளும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் விறகுக்கரி சுடுவோர் நன்கறிந்த உண்மையொன்று உண்டு. மண்ணால் மூடிய மூட்டத்தில் துளைகள் அடைபட்டால் நெருப்பு அணைந்துவிடும். மண் வெடித்து வேண்டாத இடத்தில் காற்றுப் புகுந்தாலோ கரி முழுவதும் சாம்பலாகிவிடும். எந்தத் துளையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதிலேயே அத்தொழிலின் நுட்பம் தங்கியுள்ளது. நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் மூளும் தீயின் இயல்பும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அங்கு மூட்டத்துக்குள் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நிலக்கரி காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லத் தானாகவே சூடேறும் தன்மையுடையது. அதிலிருந்து கசியும் மீதேன் வாயு, காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது சிறு பொறியிலேயே வெடிக்கும். அதனை ஐதாக்கி வெளியேற்றவே நிலத்தின் மேலிருந்து காற்றோட்டக் குழிகளும் துளைகளும் அமைக்கப்படுகின்றன. எனினும் தொழிலாளிக்கு மூச்சளிக்கும் அதே காற்றுத்தான் நெருப்புக்கும் உணவாகின்றது. காற்றைக் குறைத்தாலோ, நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு பெருகும். கிணற்றுக்குள் நீரிறைக்கும் இயந்திரத்தை இறக்கி இயக்கிவிட்டு, பின்னர் உள்ளே இறங்கியவர்கள் ஓசையின்றி மயங்கி மாண்ட செய்திகளை அவ்வப்போது வாசிக்கும் எமது வாசகர்களுக்கு இந்த நஞ்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

துருக்கியின் சோமா நகரில் 2014 மே 13ஆம் திகதி 301 சுரங்கத் தொழிலாளர்களைப் பலிகொண்டது பெரும்பாலும் இந்த நஞ்சே. மின்மாற்றி வெடித்ததாகவே முதலில் கூறப்பட்டது. நிலக்கரி தானாகச் சூடேறிவந்ததையும், காபனோரொட்சைட்டின் அளவு விபத்துக்கு முன்னரே உயர்ந்திருந்ததை உணர்கருவிகள் பதிவுசெய்திருந்ததையும் நிபுணர் அறிக்கைகள் பின்னர் வெளிப்படுத்தின. கருவிகள் தம் கடமையைச் செய்துள்ளன. வேலையை நிறுத்துமாறு கூற வேண்டியவர்கள்தாம் கூறவில்லை. சோமாச் சுரங்கங்களின் விபத்துகளை விசாரிக்கக் கோரி எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணையை, அனர்த்தத்துக்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன்னரே அந்நாட்டுப் பாராளுமன்றம் நிராகரித்திருந்தது.

அப்போது பிரதமராக இருந்த எர்டோகான் சோமாவுக்குச் சென்று, 19ஆம் நூற்றாண்டின் பிரித்தானியச் சுரங்க விபத்துகளை எடுத்துக்காட்டி, இத்தொழிலின் ‘ஃபித்ரத்’தில் இவை உள்ளன என்றார். இயல்பு என்ற பொருளில் முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த சொல் அது. மரணம் விதிக்கப்பட்டதென நம்புவது வேறு. உணர்கருவி எச்சரித்த பின்னரும் மனிதர்களைக் கீழே அனுப்பியதற்கு விதியைப் பொறுப்பாளியாக்குவது வேறு. மனைவியரும் தாய்மாரும் பின்னர் நீதிமன்ற வாசலில் கேட்டது பொறுப்புக்கூறலையே. 2018இல் சுரங்க நிறுவனத்தின் தலைமை நிர்வாகி உள்ளிட்ட சிலருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வளர்ந்த நாடுகளில் இவ்வாறு நேராது என எண்ணுவதற்கும் இடமில்லை. நியூஸிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19ஆம் திகதி நிகழ்ந்த வெடிப்பில் 29 பேர் உயிரிழந்தனர். அங்கு பிரதான காற்றாடி நிலத்தடியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அவசரகாலத்தில் வெளியேறும் இரண்டாவது வழியென்று காட்டப்பட்டதோ, நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடைய அந்தக் காற்றோட்டக் குழியின் ஏணி! வெடிப்புக்கு முந்திய 48 நாட்களில் மீதேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை அறிக்கையிடப்பட்டிருந்ததை அரச ஆணைக்குழு கண்டறிந்தது. உள்ளிருக்கும் வாயுவை அறிய மேலிருந்து துளையிட்டார்கள். அத்துளை அடியை எட்டிய 24ஆம் திகதியே இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்து, எஞ்சியிருந்த நம்பிக்கையும் அற்றுப்போனது. காலம் தாழ்த்தி இடப்படும் துளை உயிரைக் காப்பதில்லை. என்ன நடந்ததென்று சொல்வதற்கே அது பயன்படுகின்றது.

இந்தியாவின் ஜாரியாவில் நெருப்பு 1916 முதல் எரிந்துகொண்டிருக்கின்றது. நிலம் வெடித்த ஒவ்வொரு பிளவும் அங்கு காற்றுத் துளையே. மண்ணிட்டு மூடுவது, அகழி வெட்டித் தீயைத் துண்டிப்பது, நைதரசன் செலுத்துவது எனப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. மக்களை வேறிடங்களில் குடியமர்த்த 2009இல் வகுத்த திட்டம் முற்றுப்பெறாமல், 2025 ஜூனில் 5,940 கோடி ரூபா செலவில் திருத்தப்பட்டது. முதலாண்டுகளிலேயே அடைத்திருக்க வேண்டிய தீக்கு மூன்றாம், நான்காம் தலைமுறைகள் விலை கொடுக்கின்றன.

நிலக்கரிச் சுரங்கமே இல்லாத கிழக்கு மாகாணத்துக்கு இவை தொலைதூரச் செய்திகளல்ல. சம்பூரில் இந்தியக் கூட்டுடன் அமையவிருந்த 500 மெகாவாட் அனல்மின் நிலையம், மக்களின் நீண்ட எதிர்ப்பின் பின்னர் 2016இல் கைவிடப்பட்டது. நிலம், கடல், புகை ஆகியவை பற்றி அப்போது நியாயமாகவே பேசினோம். கரியைத் தோண்டுவோரைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையம் இன்றும் இறக்குமதி நிலக்கரியில் இயங்க, அம்மின்சாரத்தில் காத்தான்குடியின் கடைகளும் களுவாஞ்சிக்குடியின் வீடுகளும் ஒளிபெறுகின்றன. இந்தோனேசியாவில் திறந்தவெளி அகழ்வே மிகுதி என்பது உண்மையே. ஆயினும் எமக்கு நிலக்கரி வழங்கிய தென்னாபிரிக்காவிலும் ரஷ்யாவிலும் நிலத்தடிச் சுரங்கங்கள் பல உள்ளன.

வெப்பப் பெறுமானத்துக்கும் சாம்பல், கந்தக அளவுகளுக்கும் ஆய்வுகூடச் சான்றிதழ் கேட்கும் அரசாங்கம், நிலக்கரி எந்தச் சுரங்கத்திலிருந்து வருகின்றது, அங்கு வாயுவை அளப்பவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்டா, கடந்த ஆண்டுகளில் அங்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பவற்றையும் கேட்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கேள்விப்பத்திர ஆவணத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே போதுமானது.