அரைத்தீவா, குடாநாடா?

சென்னைப் பத்திரிகையில் "கொரிய தீபகற்பம்" எண்டு வரும். அதே செய்தி எங்கட பேப்பரில் "கொரியக் குடாநாடு" எண்டு வரும். இரண்டும் ஒண்டுதானே எண்டு நாங்கள் கடந்து போறோம். பொருள் ஒன்றுதான். ஆனால் இரண்டு சொல்லும் நிலத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்கவில்லை.

தீபகற்பம் வடமொழிச் சொல். அதில் இருக்கிற கற்பத்துக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை. 'கல்ப' என்றால் ஏறக்குறைய அதைப் போன்றது. ஆக, தீவைப் போன்றது. ஆங்கிலத்தின் பெனின்சுலாவுக்கு மூலமான லத்தீன் சொல்லும் 'கிட்டத்தட்டத் தீவு' என்கிறது. சிங்களத்தில் அர்த்ததீவு, அதாவது அரைத்தீவு. எல்லாரும் தீவை அளவுகோலாக வைத்து, அதில இது எவ்வளவு குறையுது எண்டுதான் பார்த்திருக்கினம்.

எங்கட சொல்லில் தீவே இல்லை. 'குட' என்றால் வளைவு. கடல் வளைஞ்சு நிலத்துக்குள்ள வந்தால் அது குடா. கல்குடா, பாசிக்குடா, கொட்டியாரக்குடா எண்டு கிழக்கில இந்தச் சொல் இன்னும் ஊர்ப்பெயராகவும் கடற்பெயராகவும் உயிரோட இருக்கு. வடக்கிலதான் விசித்திரம். 'குடாநாடு' எண்டு நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுறம், குடாவை மறந்திட்டம். படத்தை எடுத்துப் பாருங்கோ: தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில்தான் ஆறு. இரண்டுமே நிலத்தைக் கீறிக்கொண்டு உள்ளே கிடக்கிற கடல்நீரேரிகள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி எண்டு நாங்கள் பிரிச்சுச் சொல்லுற நிலங்களுக்கு இடையில கிடக்கிறது இந்தத் தண்ணிதான்.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்குப் போய்வரக் கப்பலும் விமானமும்தான் மிஞ்சின. அப்போது 'கிட்டத்தட்டத் தீவு' பொருத்தமான சொல்லாகத்தான் பட்டிருக்கும். ஆனால் அந்தத் தீவைக் கடல் உண்டாக்கவில்லை. பாதையை மூடினது மனிசர்.

அதுக்கு முந்தி, தொண்ணூறுகளின் முதற்பாதியில் ஆனையிறவால் போகேலாமல் இருந்த காலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். சனம் கிளாலியில் இருந்து இரவிரவாக வள்ளத்தில் நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனது, வந்தது. சூடு விழுந்து அந்தத் தண்ணியிலேயே செத்தவர்கள் பலர். எண்டாலும் தரைவழி அடைபட்ட நேரத்தில் ஆக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் குடாதான். அந்த நாட்களில் வன்னியும் யாழ்ப்பாணமும் தொடுபட்டது தண்ணியாலதான். தீபகற்பம் என்ற சொல்லுக்குள் இந்தக் கதைக்கு இடமில்லை. அதுக்குத் தண்ணி எண்டால் சுத்திவர நிக்கிற வேலி.

ஆகவே பாடப்புத்தகத்தில் இரண்டு சொல்லில் எதை வைப்பது எண்டு எங்களிட்டக் கேட்டால், குடாநாட்டைத்தான் சொல்லுவம். தனித்தமிழ் வீம்புக்காக இல்லை. கூடவே அந்தப் பாடத்தில் கிளாலி எங்க இருக்கு எண்டு ஒரு படமும் கீறட்டும்.