பாட்டியின் முட்டிக்கு ஒரு மெழுகு



உங்கள் வீட்டுப் பாட்டிக்கு முட்டிவலி உண்டா? ராத்திரியானால், "கொஞ்சம் ஒத்தடம் கொடேன் கண்ணு" என்று உங்களைத்தான் கூப்பிடுவார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுப்போம். இல்லையென்றால் வெந்நீர்ப் பை. இரண்டிலும் ஒரே தொல்லை. முதலில் சுள்ளென்று சுடும். சிறிது நேரத்தில் ஆறிப்போகும். மறுபடி அடுப்படிக்கு ஓட வேண்டும்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு மார்கழி இரவு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் குதிகாலில் கொப்புளம்! சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. 44 டிகிரி செல்சியஸ் என்பது கைக்கு இதமான சூடுதான். அதுவே ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தியவன் நான். எனக்கே அன்று தோன்றவில்லை.

அதிகம் சுடாமலும், சீக்கிரம் ஆறாமலும் ஒரு பொருள் உண்டா? உண்டு, மெழுகு!

ஐஸ் கட்டி முழுவதும் உருகி முடியும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். வருகிற வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். உருகிய மெழுகு உறையும்போது இதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்து முடிக்கும்வரை அதன் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எத்தனை டிகிரியில் உருகும் மெழுகு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், எடை குறைந்து பிறக்கும் பச்சிளம் குழந்தைகளுக்காக ஒரு பையை வடிவமைக்கத் தொடங்கினார்கள். பெயர் 'எம்ப்ரேஸ்'. உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள். ஒருமுறை சூடேற்றினால், மின்சாரம் இல்லாமலே பல மணி நேரம் 37 டிகிரியில் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும்.

முட்டிக்கு மட்டும் ஒரு சிக்கல். உறைந்த மெழுகு பலகைபோல விறைத்துவிடும். முட்டியோ மடங்க வேண்டும். அதனால் விஞ்ஞானிகள் மெழுகை ரப்பர் போன்ற பொருளோடு கலக்கிறார்கள். பஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல, அது உருகிய மெழுகை ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும். ரப்பரைக் கூட்டினால் நன்றாக வளையும். ஆனால் மெழுகு குறைய, சேமிக்கும் சூடும் குறையும். சரியான அளவைத்தான் தேடுகிறார்கள்.

அப்படி ஒரு கச்சை பாட்டிக்குக் கிடைக்கும்வரை வெந்நீர்ப் பைதான். துண்டில் சுற்றி, முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். பாட்டி தூங்குமுன் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் என்றால், டாக்டரைக் கேட்காமல் பாதத்துக்கு ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.